கலர் மாமாவுக்குக் கண்புரை எடுத்த கதை

என் அக்கா புருஷனுக்கு வீட்டில் ஒரு பெயர், ஷெட்டில் ஒரு பெயர். வீட்டில் எனக்கு அவர் மாமா. ஷெட்டில் வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் கலர் மாமா. வயது அறுபத்தொன்று. ஒல்லியான ஆள், நடந்தால் முழங்கால் சத்தம் கேட்கும். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஆனால் இடி வாங்கிய காரை அவர் கையில் கொடுத்துவிட்டு மூன்று நாள் கழித்து வந்தால், இடி எந்தப் பக்கம் விழுந்தது என்று கார்க்காரனே சுற்றிச் சுற்றித் தேடுவான்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்துவது ஒரு தகர ஷெட். ஒடுக்கு எடுப்பது, தட்டி நிமிர்த்துவது, பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசித் தேய்ப்பது என் வேலை. அதற்கு மேல் பெயின்ட் அடிப்பது அவர் வேலை. பெயின்ட் அடிப்பதைக்கூட எவனும் கற்றுக்கொள்ளலாம். கலர் சேர்ப்பதுதான் கஷ்டம். கம்பெனிக்காரன் டப்பாவில் நம்பர் போட்டுத் தருகிறான். அந்த நம்பரை நம்பி அப்படியே அடித்தால் கதவு ஒரு வெள்ளை, பக்கத்து மட்கார்டு ஒரு வெள்ளை என்று நிற்கும். கார் நாலு வருஷமாக வெயிலில் நின்று வெளுத்திருக்கிறது, டப்பா இன்றைக்குத்தான் திறந்தது, எப்படி ஒத்துப்போகும்? ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள், குச்சி நுனியில் தொட்டு ஒரு சிவப்பு என்று சேர்த்துச் சேர்த்து அந்த நாலு வருஷ வெயிலை டப்பாவுக்குள் கொண்டுவர வேண்டும்.

மாமா அதை இப்படிச் செய்வார். கலந்த பெயின்ட்டை ஒரு சின்ன அட்டையில் அடித்துக் காய வைப்பார். காரை வெளியே தள்ளச் சொல்வார். நல்ல வெயிலில் அட்டையைக் கதவின்மேல் வைத்துப் பார்ப்பார். அட்டையின் ஓரம் தெரியக்கூடாது, கதவோடு கரைந்துவிட வேண்டும். தெரிந்தால் திரும்ப ஒரு சொட்டு, திரும்ப ஒரு அட்டை, திரும்ப நான் காரைத் தள்ள வேண்டும். "உள்ளேயே பாத்துடலாமே மாமா, டியூப் லைட்டுதான் எரியுதே" என்று நான் முனகினால், "டியூப் லைட்டு வெளிச்சத்துல பொண்ணு பாத்தவன்டா நான். அந்தத் தப்ப ரெண்டாவது தடவ பண்ண மாட்டேன்" என்பார். அக்கா காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார். அக்காவும் சும்மா விட மாட்டாள்: "நான் மட்டும் வெயில்ல வச்சா பாத்தேன்? எல்லாம் என் நேரம்."

இப்படிப்பட்ட மனுஷனுக்குக் கண்ணில் கோளாறு வந்தது எங்கள் யாருக்கும் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கெட்ட செய்தியாக வரவில்லை. நல்ல செய்தியாக வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஷெட் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, என் கண்ணாடியப் பாத்தியா?"

"உங்க தலைமேலதான் மாமா இருக்கு."

"எங்க இருக்குன்னு நான் கேட்டனா? கண்ணாடி இல்லாம படிக்கிறேன், அதப் பாத்தியான்னு கேக்குறேன்."

உண்மைதான். பதினெட்டு வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் ஒரு எழுத்துப் படிக்காத மனுஷன், தின்னர் டப்பாவின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருந்ததை மூச்சு விடாமல் படித்துக் காட்டினார். டீக்கடையில் படித்துக் காட்டினார். எங்கள் தெருவில் மருந்துக் கடைக்காரரிடம் போய் மாத்திரை அட்டையை வாங்கிப் படித்துக் காட்டினார். "எனக்கு வயசு திரும்புது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"வயசு திரும்புதுன்னா முதல்ல முடி திரும்பட்டும், அப்பறம் நம்புறேன்" என்றாள் அக்கா.

நாங்களும் சிரித்தோம். ஒருத்தனுக்காவது தெரிய வேண்டாமா, அறுபது வயதில் கண்ணாடி தானாகக் கழன்றால் அது கொண்டாட வேண்டிய விஷயம் இல்லை, போய்க் காட்ட வேண்டிய விஷயம் என்று? தெரியவில்லை.

பிறகு வெயில் மேல் பழி போட ஆரம்பித்தார். "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, கண்ணு கூசுது." சாயங்காலம் எதிரே வருகிற வண்டி விளக்கு ஒவ்வொன்றும் பூ விரிந்த மாதிரி விரிகிறது என்றார். தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டு தெரியாமல் இரண்டு தரம் தப்புப் பஸ்ஸில் ஏறினார். கண்ணாடிக் கடையில் நம்பர் மாற்றினார், ஆறு மாதத்தில் மறுபடி மாற்றினார். அப்புறம் ஷெட்டுக்குள் புதிதாக மூன்று டியூப் லைட் மாட்டச் சொன்னார். அதற்குக் கீழேயே அட்டையை வைத்துக் கலர் பார்க்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். முப்பது வருஷமாக வெயிலில்தான் பார்ப்பேன் என்று நின்ற மனுஷன் உள்ளே பார்க்கிறாரே, ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கார் தள்ளுகிற வேலை மிச்சம் என்று இருந்துவிட்டேன்.

மாட்டிவிட்டது ஒரு பல் டாக்டர். அவருடைய வெள்ளைக் காரில் பின்கதவு நசுங்கி வந்தது. நான் நிமிர்த்தினேன், மாமா அடித்தார். டியூப் லைட் வெளிச்சத்தில் கார் ஜம்மென்று நின்றது. பல் டாக்டர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார். அவர் சண்டைக்காரர் இல்லை, தன்மையான ஆள். அதுதான் இன்னும் சங்கடமாகப் போயிற்று.

"கொஞ்சம் வெளிய வந்து பாக்குறீங்களா?"

போனோம். உச்சி வெயில். கார் வெள்ளை, கதவு வெள்ளை இல்லை. பால் ஒரு பக்கம், பாலாடை ஒரு பக்கம்.

"எல்லாப் பல்லும் நல்லா இருக்கு, ஒண்ணு மட்டும் டீ குடிச்ச பல்லு மாதிரி தெரியுது" என்றார் அவர். நாள் முழுவதும் பல்லுக்குப் பல் வெள்ளை பார்க்கிற ஆளிடமா நாங்கள் போய் மாட்ட வேண்டும்?

மாமா கையை நெற்றியில் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி வந்து பார்த்தார்.

"ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார்.

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. "என்னடா, ஒண்ணுதானே?" என்று என் பக்கம் திரும்பினார். நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

உள்ளே போய் ஸ்ப்ரே கன்னைப் பிரித்தார். தின்னர் ஊற்றி ஒவ்வொரு துண்டாகக் கழுவினார். துடைத்துப் பூட்டி, துணியில் சுற்றி, ஆணியில் மாட்டினார். "இனிமே கலர நீயே சேத்துக்க மாப்ள" என்றார். வீட்டுக்குப் போய்விட்டார்.

பல் டாக்டரின் கதவை நான் மூன்று தரம் அடித்தேன். மூன்றாவது தரம் "பரவாயில்ல" என்றார். எங்கள் ஷெட்டில் அதுவரைக்கும் யாரும் பரவாயில்லை என்று சொன்னதில்லை.

பத்து நாள் மாமா வரவில்லை. நான் வீட்டுக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டு ரேடியோ கேட்பார். வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால், "எனக்கு ரிட்டயர் ஆகிற வயசு வந்தாச்சு" என்பார். கண் ஆஸ்பத்திரி என்று சொன்னால் எழுந்து போய்விடுவார். பயம்தான். அதையும் ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "கதவத் தப்பா அடிச்சா திரும்பச் சொரண்டி அடிக்கலாம். கண்ணுல கத்தி வச்சுத் தப்பாப் போச்சுன்னா எதச் சொரண்டுவ?"

ஆளாளுக்கு அவர் காதில் ஒன்று ஓதிவிட்டும் இருந்தார்கள். புரை என்பது கண்ணுக்கு மேலே வளர்கிற தோல், அதை உரிப்பார்கள் என்றான் ஒருத்தன். நன்றாக முற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும், இப்போது தொடக்கூடாது என்றான் இன்னொருத்தன். சொட்டு மருந்து விட்டால் கரைந்துவிடும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். டீக்கடைக்காரருக்கே கண்ணாடி சோடாப் புட்டி மொத்தம்.

கடைசியில் காரியத்தைச் சாதித்தது ஒரு ஜோடி காலுறை. அக்காவின் சிநேகிதி வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போக மாமா நல்ல சட்டை போட்டு, காலுறை போட்டு, வாசலில் வந்து நின்றார். அக்கா குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஏங்க, ஒரு காலு கறுப்பு, ஒரு காலு நீலம். ஊருக்குத்தான் கலர் மாமா போல."

"எது நீலம்? ரெண்டும் கறுப்புதான்."

"இடது காலப் பாருங்க."

மாமா இடது காலைப் பார்த்தார். வலது காலைப் பார்த்தார். உட்கார்ந்து இரண்டையும் கழற்றி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். விசேஷத்துக்கு அவர்கள் போகவில்லை. சாயங்காலம் அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"டேய், நாளைக்குக் காலைல கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீயும் வா. ஆனா அங்க வந்து வாயத் தொறக்காத. நீ வாயத் தொறந்தா அவரு முறுக்கிக்குவாரு."

ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்து படிக்கச் சொன்னார்கள். பிறகு கண்ணில் சொட்டு விட்டு, முக்கால் மணி நேரம் மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். கருமணி விரிந்தால்தான் உள்ளே தெரியுமாம். அப்புறம் முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கோடு மாதிரி ஒரு வெளிச்சத்தை அடித்துக் கண்ணுக்குள் பார்த்தார் டாக்டரம்மா. நாற்பது வயது இருக்கும். நிதானமான பேச்சு.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு. வலது கண்ணுல ஜாஸ்தி. கொஞ்ச நாள் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிஞ்சிருக்குமே?"

மாமா வாயைப் பிளந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "ஊர் பூராப் படிச்சுக் காட்டுனாரு டாக்டர்" என்றாள்.

"அது நல்லாகுற அறிகுறி இல்லம்மா. கண்ணுக்குள்ள பொறக்கும்போதே ஒரு லென்ஸ் இருக்கு. வயசாக ஆக அது இறுகி, மங்கி, பழுப்பாகுது. அதுக்குப் பேர்தான் புரை. இறுகும்போது லென்ஸோட பவர் மாறும். அதனால கிட்டத்துல கொஞ்ச நாளைக்குத் தெளிவாத் தெரியும், தூரம் மங்கிடும். வெளிச்சம் நேரா உள்ள போகாம சிதறும், அதான் கூசுது. கலரும் மாறும். டீ கிளாஸ் வழியா வெளிய பாத்தா வெள்ளையும் வெண்ணெய்க் கலரும் ஒண்ணாத்தானே தெரியும்? அது மாதிரி."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் பயந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். தோல் எல்லாம் வளரவில்லை, உரிக்க ஒன்றும் இல்லை என்றார் டாக்டரம்மா. சொட்டு மருந்தில் கரையாது. முற்றட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், உங்கள் காரியத்துக்கு இடைஞ்சல் என்றால் எடுத்துவிடலாம், ரொம்ப முற்றவிட்டால்தான் எடுப்பது கஷ்டம். மரத்துப்போக மருந்து விட்டுவிட்டு, கருவிழி ஓரத்தில் அரிசி மணிக்கும் குறைவாக ஒரு சின்ன வெட்டு. அதற்குள் பேனா மாதிரி ஒரு கருவி போய், அதிர்விலேயே பழைய லென்ஸை உடைத்து உறிஞ்சிவிடும். அது இருந்த பை அங்கேயே இருக்கும், அதற்குள் புது லென்ஸை மடித்துச் செருகினால் உள்ளே போய் விரிந்துகொள்ளும். பெரும்பாலும் தையலே வேண்டாம். இருபது நிமிஷம். இடது கண்ணைச் சில வாரம் கழித்துப் பார்க்கலாம்.

"கண்ணு போயிடுமா டாக்டர்?"

"நூத்துக்கு நூறு யாராலயும் எழுதித் தர முடியாது. கிருமி போறது, வீக்கம் வர்றதெல்லாம் எப்பவாவது நடக்கும். ரொம்பக் குறைவு. அதுக்குத்தான் முதல்லயே சர்க்கரை, பிரஷர் பாக்குறோம், பின்னாடி சொட்டு மருந்து தர்றோம். நாங்க சொல்றபடி கேட்டீங்கன்னா பயப்பட வேண்டியதில்ல." பேனாவை எடுத்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

மாமா ஜன்னலைப் பார்த்தார்.

"வேலையா? சும்மாதான் இருக்கேன்."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவள் முகமும் சரியில்லை. இந்த மனுஷன் கண்ணைத் திருத்திக்கொள்ள வந்திருக்கிறார், ஷெட்டுக்குத் திரும்ப வருவதற்கு அல்ல என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அப்ப தூரம் தெளிவாத் தெரியிற மாதிரி லென்ஸ் வச்சிடலாம்" என்று டாக்டரம்மா எழுதினார். "டிவி, ரோடு எல்லாம் கண்ணாடி இல்லாம தெரியும். கைக்கெட்டுற தூரத்துக்கும் படிக்கிறதுக்கும் மட்டும் கண்ணாடி போட்டுக்கோங்க."

"சரி டாக்டர்."

எழுந்தோம். அக்கா சீட்டை வாங்கிக்கொண்டாள். மாமா கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தார். நின்றார். திரும்பினார்.

"டாக்டர், அந்த லென்ஸு... அதுக்குக் கலர் உண்டா?"

"என்ன கேட்டீங்க?"

"இல்ல, பச்சத் தண்ணி மாதிரி சுத்தமா இருக்குமா, இல்ல லேசா எதாவது சேத்திருப்பாங்களான்னு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டும் இருக்கு. ஒண்ணு முழுசா நிறமே இல்லாதது. இன்னொண்ணுல ரொம்ப லேசா மஞ்சள் இருக்கும்."

"மஞ்சளா?" பாம்பை மிதித்த மாதிரி கேட்டார் மாமா. "அது வேண்டாம். மஞ்சள் போதும் எனக்கு."

"இத்தன வருஷத்துல எங்கிட்ட யாரும் இதக் கேட்டதில்ல. நிஜமா நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

மாமா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அக்கா மெதுவாக, "சொல்லுங்களேன்" என்றாள்.

"பெயின்டரு" என்றார். "காருக்கு. கலர் சேக்குறது."

"உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. எழுதியதை ஒரே இழுப்பில் அடித்தார். "இத முன்னாடியே சொல்ல வேண்டாமா? உங்களுக்குத் தெளிவு எங்க வேணும்? தூரத்துலயா, கைக்கெட்டுற தூரத்துலயா? லென்ஸ வச்சப்பறம் லேசுல மாத்த முடியாது. வேலை செய்யிறப்ப எவ்வளவு தூரத்துல நின்னு பாப்பீங்க?"

இதை வாயால் சொல்ல மாமாவுக்குத் தெரியவில்லை. எழுந்து சுவருக்கு முன்னால் போய் நின்றார். வலது காலைக் கொஞ்சம் பின்னால் வைத்தார். கையில் கன் இருக்கிற மாதிரி விரலை மடக்கி, மணிக்கட்டை நேராகப் பிடித்து, அந்த ஆஸ்பத்திரிச் சுவருக்கு இடமிருந்து வலமாக ஒரு கோட் அடித்தார். திரும்பி வரும்போது பாதியளவு மேலே ஏற்றி இன்னொன்று. நர்ஸ் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, அவர் கண்ணிலிருந்து சுவர் வரைக்கும் பிடித்துப் பார்த்தாள். மாமா நிற்கவில்லை. மூன்றாவது கோட் போய்க்கொண்டிருந்தது.

"கண்ணாடி போட்டுக்கிட்டு வேலை செய்ய முடியாதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

இப்போது நான் வாயைத் திறந்தேன். அக்கா மிதித்தாலும் சரி என்று. "மூஞ்சில மாஸ்க் கட்டுவாரு டாக்டர். மூச்சுவிட்டா கண்ணாடில பனி பிடிச்சிடும்."

"சரி. அப்ப கைக்கெட்டுற தூரத்துக்கே லென்ஸ் பாக்கலாம். நிறம் இல்லாதது. ரோட்டுல போறப்ப கண்ணாடி போட்டுக்கோங்க. சம்மதமா?"

"பஸ்ஸுக்குத்தானே கண்ணாடி? போட்டுக்கிறேன்" என்றார் மாமா. வெளியே வந்ததும் என் தோளில் ஒரு குத்து விட்டார். "அப்ப பெயின்ட்டு நல்லாத்தான்டா இருக்கு. மேல பளபளப்புக்கு அடிச்ச க்ளியர் கோட்டுதான் பழுத்துப் போச்சு."

பத்து நாள் கழித்து ஆபரேஷன். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டார்கள். கண்ணின் நீளத்தை ஒரு மெஷினில் அளந்து, அதற்கேற்ற லென்ஸ் எடுத்து வைத்தார்கள். வலது புருவத்துக்கு மேல் பேனாவால் ஒரு குறி போட்டார்கள். பச்சை அங்கி, தலைக்குத் தொப்பி, மூக்குக்கு முகமூடி. "பெயின்ட் அடிக்கப் போற மாதிரியே இருக்குடா" என்றார். கை மட்டும் ஜில்லென்று இருந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள போய் அந்தம்மாவுக்கு வேலை சொல்லிக் குடுக்காதீங்க" என்றாள்.

நான் வாங்கிய டீ ஆறுவதற்குள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கண்ணுக்கு மேல் ஓட்டை ஓட்டையாகப் பிளாஸ்டிக் மூடி. "வலிச்சுதா?" என்றாள் அக்கா. "வலி இல்ல. முழிச்சுக்கிட்டே இருந்தேன். குய்ங்னு ஒரு சத்தம். தண்ணி ஊத்துற மாதிரி ஜிலுஜிலுன்னு. நீலமும் ரோஸுமா வெளிச்சம் கரஞ்சு கரஞ்சு போச்சு. நல்ல கலர்டா. அத எப்படிச் சேக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், முடிஞ்சிடுச்சுன்னு எழுப்பிட்டாங்க."

மறுநாள் மூடியை எடுத்தார்கள். நர்ஸ் துடைத்துவிட்டாள். மாமா இமையைக் கொட்டினார். எதிர்ச் சுவரைப் பார்த்தார், ஆஸ்பத்திரித் தலையணையைப் பார்த்தார். இடது கண்ணை மூடினார். திறந்தார். வலது கண்ணை மூடினார். திறந்தார். தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இதையே செய்துகொண்டிருந்தார்.

"என்னங்க, தெரியுதா?" என்றாள் அக்கா.

"இந்தக் கண்ணுல வெள்ளை. இந்தக் கண்ணுல வெண்ணெய்." தலையணையை ஒரு தரம் தடவினார். "நான் இந்த வெண்ணெயத்தான் வெள்ளைன்னு நெனச்சு அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அதற்கப்புறம் ஒரு மாதம் அக்கா பட்ட பாட்டை அக்காதான் சொல்ல வேண்டும். சொட்டு மருந்து ஒரு வேளை தவறக்கூடாது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ஷெட் தூசி பக்கமே போகக்கூடாது. சும்மா இருக்கிற மனுஷன் வீட்டைச் சோதனை போட ஆரம்பித்தார். அடுப்பு மேடை டைல்ஸில் கறை, சுவர் மூலையில் ஒட்டடை, ஜன்னல் கம்பியில் பிசுக்கு.

"போன மாசம் வரைக்கும் என் வீடு சுத்தமாத்தான் இருந்துச்சு" என்று அக்கா என்னிடம் புலம்பினாள். "இதுக்கா நான் டாக்டருக்கு அலஞ்சேன்?"

வெளியே போனாலும் நிம்மதி இல்லை. தெருவில் போகிற ஒவ்வொரு வெள்ளைக் காரையும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டு போவார். எதிர் வீட்டு டீச்சர் ஒரு நாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க வீட்டுக்காரரு கண்ணடிக்கிறாரு" என்றாராம். "எல்லாரையும் பாத்துத்தான் அடிக்கிறாரு டீச்சர், வரிசைல நீங்களும் மாட்டிக்கிட்டீங்க" என்றாளாம் அக்கா.

ஆனால் அந்தக் கண் மூடித் திறக்கிற விளையாட்டில் சிரிப்பு மட்டும் இல்லை. ஒரு நாள் நானும் அவரும் மருந்துக் கடை வாசலில் நின்றபோது ஒரு வெள்ளைக் கார் போனது. எங்கள் கை பட்ட வண்டிதான். பின் பம்பர் பழுப்பாகத் தெரிந்தது. மாமா இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். "எத்தன வண்டிடா இப்படி ஓடுது? எத்தன பேரு மரியாதைக்கு வாய மூடிக்கிட்டுப் போயிருக்கான்?" அப்படி வாயை மூடினவர்களில் நானும் ஒருத்தன். எனக்கும் கொஞ்சம் தெரிந்துதானே இருந்தது.

ஐந்தாவது வாரம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாம் என்றார். பின்னால் எப்போதாவது மறுபடி மங்கினால் பயப்பட வேண்டாம், லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற பை மங்கலாகியிருக்கும், லேசரில் சில நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம் என்றும் சொன்னார். திங்கட்கிழமை வருவார் என்று நான் ஷெட்டைக் கூட்டி வைத்தேன். வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் எனக்கு மனசு வரவில்லை. வராமலே இருந்துவிட்டால் யாரை வைத்துக் கலர் சேர்ப்பது என்பது இரண்டாவது கவலை. யாரிடம் திட்டு வாங்குவது என்பதுதான் முதல் கவலை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு வந்தார். அன்றைக்கு நின்றிருந்தது வெளிர்நீல வண்டி. முன்கதவுக்கு நான் பட்டி வைத்துத் தேய்த்து, அடிப்பூச்சாக பிரைமர் அடித்து வைத்திருந்தேன். மாமா டப்பாவைத் திறந்தார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. அட்டையில் அடித்தார்.

"வண்டிய வெளிய தள்ளு."

தள்ளினேன். அன்றைக்குத் தள்ளின மாதிரி சந்தோஷமாக நான் எந்த வண்டியையும் தள்ளினதில்லை. வெயிலில் அட்டையை மட்கார்டின் மேல் வைத்தார். ஓரம் தெரிந்தது. உள்ளே போனார், வந்தார். திரும்பத் தெரிந்தது. நாலு அட்டை போயிற்று. ஐந்தாவது அட்டையை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். நான் குனிந்து பார்த்தேன். அட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமா!" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தேய்த்து வைத்த கதவில் ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார்; ஈரம் மின்னினால் மேடு பள்ளம் தெரியும். குனிந்து, கன்னத்தைக் கதவில் ஒட்டுகிற மாதிரி வைத்து, ஓரமாகப் பார்த்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"மாப்ள, இங்க வா."

"என்ன மாமா, கலர் சரியில்லையா?"

"கலருக்கு என்ன, நல்லா இருக்கு. அதுக்குக் கீழ நீ என்ன பண்ணி வச்சிருக்க?"

"என்ன பண்ணினேன்?"

"தடவிப் பாரு. மேடும் பள்ளமுமா அலையடிக்குது. இதுல படகு விடலாம்."

"ரெண்டு வருஷமா இப்படித்தானே மாமா தேய்க்கிறேன்? நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"ரெண்டு வருஷமா எனக்குக் கண்ணு தெரியலடா. உனக்கு என்ன கேடு?"

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கட்டையில் சுற்றிக்கொண்டு கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மூன்று தரம் தேய்த்தேன். மூன்று தரமும் துணியை இழுத்துப் பார்த்து, "இன்னும்" என்றார். நாலாவது தரம்தான் கன்னைக் கையில் எடுத்தார்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைக் கண்ணுக்கே தேய்த்துத் தேய்த்து எனக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.